இடைச்செருகலும் இயக்கமும்: பறவைக் காணொளிகளில் மெதுவியக்கம் பற்றிய ஒரு நோக்கு

பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாற்றைக் கற்கும் மாணவர் எவரும் 'இடைச்செருகல்' என்னும் சொல்லைச் சந்திக்காமற் செல்ல முடியாது. ஏடெழுதியோரும் கதை சொல்லியோரும் தத்தம் காலத்துச் சுவைக்கேற்பப் புதிய செய்யுள்களை மூலத்தினுள்ளே புகுத்திவிட, அவற்றை இனங்கண்டு விலக்குவது பிற்காலப் பதிப்பாசிரியர்க்குப் பெரும்பணியாயிற்று. கம்பராமாயணத்தின் வெள்ளி பாடல்கள் பற்றிய செய்தி நாமறிந்ததே. ரசிகமணி டி. கே. சி. தமது இரசனையையே அளவுகோலாகக் கொண்டு பெருந்தொகையான பாடல்களைக் கம்பருடையன அல்லவென ஒதுக்கினார். வேறு பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரியவற்றை மிகைப்பாடல்கள் எனப் பிரித்துத் தனியே அச்சிட்டனர். முறை எதுவாயினும் கேள்வி ஒன்றே: இவ்விடத்தில் நாம் காண்பது ஆசிரியன் தந்ததா, இடையில் வந்தவன் வைத்ததா?

இக்கேள்வியை இன்று ஏட்டுக்கும் நூலுக்கும் வெளியே, நமது கடனீரேரிகளின் பறவைகளைக் காட்டும் காணொளிகளை நோக்கியும் கேட்க வேண்டியுள்ளது. இலக்கிய மாணவனொருவன் கமராவைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் எழுதப் புகுவது சிலர்க்கு விந்தையாகத் தோன்றலாம். மூலத்தில் இல்லாத ஒன்றை மூலம்போலக் காட்டுதல் எங்கு நிகழினும் அது திறனாய்வின் எல்லைக்குட்பட்டதே என்பது என் எண்ணம்.

அண்மையில் நான் கண்ட ஒரு சிறு காணொளியிலிருந்து தொடங்கலாம். பண்ணைத் தாம்போதியை அண்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைக் கூட்டமொன்று மேய்ந்துகொண்டிருக்கின்றது. திடீரெனக் கழுத்துகள் நிமிர்கின்றன. பறவைகள் நீரின்மேல் ஓடத் தொடங்குகின்றன; சிறகுகள் விரிகின்றன; இளஞ்சிவப்பும் கருமையும் கலந்த பெருந்திரையொன்று மெல்ல மெல்ல மேலெழுகின்றது. புல்லாங்குழல் இசை பின்னணியில் ஒலிக்கின்றது. கூட்டம் எழுந்து மறைவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் செல்கின்றது. பார்த்தோர் யாவரும் இதனை ஒரு நடனமென்றே வியந்தனர். முதன்முறை பார்த்தபோது நானும் அவ்வாறே வியந்தேன். இரண்டாம் முறை பார்க்கையில், சட்டகத்தின் இடது ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் வள்ளமொன்றின் முனை கண்ணிற் பட்டது. மூன்றாம் முறை பார்க்கையில் பறவைகளின் கால்கள் சில இடங்களில் கால்களாகவே இல்லை என்பதும் புலனாயிற்று.

பேச்சு வழக்கில் நாம் 'ஸ்லோ மோஷன்' எனும் மெதுவியக்கம் எவ்வாறு பிறக்கின்றது என்பதைச் சுருக்கமாகவேனும் கூறுதல் வேண்டும். காட்டப்படும் வேகத்திலும் கூடிய வேகத்திற் பதிவு செய்தல் என்பதே அதன் மூலவிதி. செக்கனுக்கு 25 சட்டகங்கள் வீதம் காட்டப்படும் படத்தை 100 சட்டகங்கள் வீதம் பதிவு செய்தால் இயக்கம் நான்கு மடங்கு மெதுவாகும். ஆஸ்திரியப் பாதிரியார் ஒருவர், ஓகஸ்ட் மூஸ்கர் என்பவர், 1904 இல் இதற்கான கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் ஒவ்வொரு சட்டகமும் வில்லை வழியாக வந்த ஒளியினால் ஆக்கப்பட்டது. கமராவின் முன் நிகழ்ந்த ஏதோவொரு கணத்தின் சாட்சி. மென்பொருள் தரும் மெதுவியக்கமோ வேறு. 25 சட்டகங்களே பதிவாகியுள்ளன. எஞ்சியவற்றை மென்பொருள் தானே வரைந்து இடையிடையே செருகுகின்றது. எட்டு மடங்கு மெதுவாக்கப்பட்ட ஒரு செக்கன் பதிவில் நாம் காணும் 200 சட்டகங்களுள் 175 சட்டகங்கள் எந்தப் பறவையையும் எதிர்கொண்டு எடுக்கப்பட்டவை அல்ல. இடைச்செருகல் என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா?

மெதுவியக்கத்தின் வரலாறு ஒரு விலங்கின் காலிலிருந்தே தொடங்குகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டெழுகின்றனவா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவாதிக்கப்பட்டது. ஓவியர்கள் தமக்குத் தெரிந்த விடையை வரைந்து வந்தனர். பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிக்கோ 1821 இல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்திற் குதிரைகள் முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டி அந்தரத்தில் மிதக்கின்றன. கண்ணுக்கு இது முற்றிலும் பொருத்தமாகவே தோன்றும். 1878 யூன் மாதத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ற்றோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையைப் படம்பிடித்தபோது உண்மை வெளிப்பட்டது. கால்கள் நான்கும் நிலத்தை விட்டெழுவது மெய்யே. ஆயின் அவை நீண்டிருக்கும்போதன்று, வயிற்றின்கீழ் ஒடுங்கியிருக்கும்போது. நெடுந்தீவுக் குதிரைகள் ஓடுவதை நேரிற் கண்டவர்களும் இதனைக் கண்டிருக்கமாட்டார்கள். வெறுங்கண்ணுக்கு அது அகப்படாது.

ஜெரிக்கோ பொய் சொல்ல விரும்பியவர் அல்லர். தாம் கண்ட இரு நிலைகளுக்கு இடைப்பட்டதைத் தம் பழக்கத்தாலும் மரபாலும் ஊகித்து நிரப்பினார். அவ்வூகம் அழகானது, ஓட்டத்தின் வேகத்தை உணர்த்துவது; ஆனால் தவறானது. அவரது கைக்கும் இன்றைய மென்பொருளுக்கும் இவ்வகையில் வேறுபாடு சிறிதே. மைபிரிட்ஜ் குதிரைக்கும் மனிதக் கண்ணுக்கும் இடையே புதிய சாட்சியத்தைக் கொணர்ந்தார். நான்கே ஆண்டுகளின் பின் 1882 இல் பிரெஞ்சு உடலியலாளர் மாரே, செக்கனுக்கு 12 படங்களைப் பிடிக்கும் துப்பாக்கி வடிவக் கமராவைப் பறவைகளை நோக்கித் திருப்பியதும் இதே நோக்கத்துடனேயே. வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மெதுவியக்கத்தை முன்பு அறியப்படாததை வெளிப்படுத்தும் கருவியாகக் கொண்டதும், அது புதிதாக எதையோ காட்டுகின்றது என்னும் நம்பிக்கையின் அடிப்படையிலேயே எனலாம்.

மென்பொருள் எவ்வாறு ஊகிக்கின்றது? இதன் கோட்பாட்டு அடிப்படைகளுள் ஒன்று 1981 இல் ஹோர்ன், ஷங்க் என்னும் இருவரால் வெளியிடப்பட்டது. ஒரு சட்டகத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் அடுத்த சட்டகத்தில் எங்கு சென்றிருக்கிறது எனக் கணக்கிட்டு, அப்பெயர்ச்சியை ஒரு பாய்ச்சலாகக் கொள்வது அம்முறை. பெயர்ச்சி தெரிந்தால், புள்ளியைப் பாதி வழியில் நிறுத்தி இடைச்சட்டகம் ஒன்றை ஆக்கலாம். பின்னர் வந்த டுவிக்ஸ்ரர் முதலிய மென்பொருள்கள் இவ்வழியிலேயே வளர்ந்தன. கணிப்பு இரு எடுகோள்களில் தங்கியுள்ளது: நகரும் பொருளின் ஒளிர்வு மாறாது, அயற்புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றுபோல நகரும். வீதியிற் செல்லும் பேருந்துக்கு இவை பொருந்தும். நீரைக் கிழித்தெழும் பறவைக்கு? சிறகு உடலை மறைத்து மீள்கின்றது, மறைந்திருந்தது தோன்றுகின்றது, தோன்றியது மறைகின்றது, நீர்த்துளிகள் ஒளியில் மின்னி அணைகின்றன. எடுகோள்கள் இரண்டும் ஒருங்கே உடைந்துபோகும் இடம் பறவையின் பறப்பே எனலாம்.

2018 இல் என்விடியா நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையும் அதன் வழிவந்தவையும் இன்னுமொரு படி சென்றன. செக்கனுக்கு 240 சட்டகங்கள் வீதம் பதிவான காணொளிகளைக் கொண்டு நரம்பு வலையமைப்பைப் பயிற்றி, இடைப்பட்டதை ஊகிக்கச் செய்தல் அவற்றின் வழி. விளைவு முன்னையதிலும் துப்புரவானது. ஆனால் அங்கு நிரப்பப்படுவது நமது பூநாரை அன்று. பயிற்சியிற் கண்ட வேறெவற்றினதோ பழக்கம். ஜெரிக்கோவின் கை மீண்டும் வந்துவிட்டது, இம்முறை நடுக்கமின்றி.

இதனைச் சோதித்தறிய எண்ணி, நண்பரொருவருடன் சென்று சாதாரணக் கமராவினாற் பதிவு செய்த சில செக்கன் காட்சியை எட்டு மடங்கு மெதுவாக்கி, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தேன். சிறகு கழுத்தைக் கடக்குமிடத்தில் கழுத்து இறப்பரைப்போல வளைந்து சிறகுடன் செல்கின்றது. ஓடும் இரு கால்கள் ஒன்றையொன்று கடக்கும்போது மூன்றாவது கால் முளைக்கின்றது, அல்லது இரண்டும் கரைந்து நீராகின்றன. இவை வெளிப்படையான பிழைகள். பார்ப்போர் நகைத்துவிட்டுப் போவர். என்னை உறுத்தியவை பிழையென்று காட்டிக்கொள்ளாத சட்டகங்களே. ஒவ்வோர் இறகும் தெளிவாக, சிறகு குறித்தவொரு கோணத்தில் மடிந்திருக்கும் அழகிய படம். அப்பறவை அக்கணத்தில் அக்கோணத்திற் சிறகை மடித்ததா? பதிவு அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னது மென்பொருள்.

எல்லா இடைச்செருகலையும் ஒரே தராசிலிடுதல் நியாயமன்று. பதிப்பாசிரியரின் அனுபவம் இங்கு நமக்கு உதவும். ஏட்டில் ஓரெழுத்துச் சிதைந்திருப்பின் எதுகையும் மோனையும் தளையும் பொருளும் கூடி அவ்விடத்தில் நிற்கக்கூடிய எழுத்தைப் பெரும்பாலும் கட்டாயப்படுத்திவிடும். அவ்வாறு திருத்துவதை எவரும் செருகல் என்று பழிப்பதில்லை. ஓரடி முழுவதும் செல்லரித்துப் போயிருப்பின்? உ. வே. சாமிநாதையர் 1894 இல் வெளியிட்ட புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. சிதைந்த பாடல்களின் வெற்றிடங்களைப் புள்ளிகள் காட்டி நிற்கின்றன. ஐயரவர்களுக்கு வெண்பாவும் ஆசிரியப்பாவும் யாக்கத் தெரியாமலா அப்புள்ளிகள் இடப்பட்டன? சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகளின் அழிநிலை கண்டு தம் பதிப்புரையில் நெஞ்சு நொந்து எழுதினார். அழிந்ததை அழிந்ததாகவே காணும் அவ்வேதனை, நிரப்பிவிட்டால் தோன்றாமலே போய்விடும்.

பறவைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். செம்பருந்தொன்று சிறகை அசைக்காது வட்டமிடுகையில், அடுத்தடுத்த சட்டகங்களுக்கிடையே நிகழக்கூடியது ஏறத்தாழ ஒன்றே. அங்கு மென்பொருளின் ஊகம் சிதைந்த ஓரெழுத்தைத் திருத்துவது போன்றது. பூநாரை ஒரு சிறகடிப்பை முடிக்குமுன் பல சட்டகங்கள் பதிவாகிவிடும். அங்கு ஊகம் பாதி நம்பத்தக்கது. செக்கனுக்கு 25 தடவை சிறகடிக்கும் பறவையொன்றை 25 சட்டகங்கள் வீதம் பதிவு செய்தால் நேர்வது என்ன? ஒவ்வொரு சட்டகத்திலும் சிறகு ஒரே நிலையில் நிற்கும். பறவை சிறகடிக்காமலே அந்தரத்தில் தொங்குவதாகத் தோன்றும். திரைப்படங்களில் வண்டிச்சக்கரம் நின்றுவிட்டது போலத் தெரிவதும் இதனாலேயே. இப்பதிவை நூறு மடங்கு மெதுவாக்கினாலும் சிறகடிப்பு வராது. அடி முழுவதும் அழிந்த செய்யுள் அது, புள்ளியிடுவதே முறை.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். அதனை எளிதிற் புறந்தள்ள நான் விரும்பவில்லை. உண்மையான மிகைவேகக் கமராக்கள் பல்லாயிரம் டொலர் பெறுமதியானவை. பி.பி.சி. நிறுவனம் 2006 இல் 'பிளானெட் ஏர்த்' தொடரில், நீரைப் பிளந்து பாயும் பெருஞ்சுறாவை அத்தகைய கமராவினாற் காட்டியது. அதன் பின்னாலிருந்த மூலதனம் நமது இளைஞர்க்குக் கனவிலும் எட்டாதது. உற்பத்திச் சாதனங்கள் செல்வந்த நாடுகளின் நிறுவனங்களிடம் குவிந்துள்ள நிலையில், வறியவனுக்கும் அதே அழகை அளிக்கும் மென்பொருளைப் பழிப்பது மேட்டிமையன்றோ? வாதத்தின் முற்பாதி முற்றிலும் சரியே. பிற்பாதியிலேதான் சிக்கல். மென்பொருள் வறியவனுக்கு அளிப்பது செல்வந்தனின் தோற்றத்தை. அவன் பெற்ற அறிவை அன்று. சுறாவின் பாய்ச்சலில் அதற்குமுன் எவரும் காணாத உடல் வளைவுகள் வெளிப்பட்டன. நமது காணொளியிலோ, 25 சட்டகங்களில் இல்லாத எதுவும் 200 சட்டகங்களில் வெளிப்படவில்லை. மேலும், இன்று பலரிடமுள்ள கைப்பேசிகளே செக்கனுக்கு 120 அல்லது 240 உண்மைச் சட்டகங்களைப் பதியவல்லன. படத்தின் தெளிவு குறையும், மாலை வெளிச்சத்திற் புள்ளிகள் மண்டும். ஆயினும் அது சாட்சி. (விளம்பரங்களிற் பேசப்படும் 960 என்னும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். சில கைப்பேசிகளில் அதன் பெரும்பகுதி உள்ளிருக்கும் மென்பொருளின் கைவேலை.)

கலைஞனின் சுதந்திரம் பற்றிய வாதமும் உண்டு. தமிழ்த் திரைப்படத்திற் கதாநாயகன் மெதுவாக நடந்து வரும்போது, அச்சட்டகங்கள் எங்கிருந்து வந்தன என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. இயற்கைப் படமோ பார்வையாளருடன் வேறோர் உடன்படிக்கை செய்துகொண்டுள்ளது: 'இது நிகழ்ந்தது' என்பதே அவ்வுடன்படிக்கை. டிஸ்னி நிறுவனத்தின் 'வைற் வில்டர்னஸ்' 1958 இல் வெளிவந்து அக்கடமி விருதும் பெற்றது. லெமிங் எனும் சிறு பிராணிகள் கூட்டங்கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதாக அது காட்டிய காட்சி படப்பிடிப்புக் குழுவினால் ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை 1982 இல் கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. அதற்கிடையில் அப்பொய் உலகெங்கும் உவமையாகிவிட்டது. 2011 இல் பி.பி.சி.யின் 'புரோசின் பிளானெட்' தொடரில், துருவக்கரடிக் குட்டிகளின் காட்சி நெதர்லாந்து விலங்குக்காட்சிச் சாலையொன்றிற் பதிவானது என்பது தெரியவந்தபோது எழுந்த கண்டனமும் இவ்வுடன்படிக்கை மீறப்பட்டது பற்றியதே. கரடிகள் உண்மையானவை, இடம் செருகப்பட்டது. நமது காணொளியில் இடம் உண்மையானது, காலம் செருகப்பட்டது.

காலம் செருகப்பட்டதால் நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் மையம். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கின்றது. அச்சமும் உவகையும் அவற்றுள் வெவ்வேறானவை. உடலில் வெளிப்படும் குறிகளும் வெவ்வேறானவை. அச்சத்தின் குறி விரைவு. வள்ளம் நெருங்கியதும் கழுத்து நிமிர்தல், நீர்மேற் பதைத்தோடல், ஒன்றையொன்று முட்டி எழுதல் ஆகிய யாவும் தப்பியோடலின் மெய்ப்பாடுகள். நெடுந்தூரம் வலசை வந்து உப்புநீரில் இரை தேடும் பறவைக்கு இவ்வாறு வீணே எழ நேர்வது சிறு செலவன்று. விரைவை அகற்றியதும் அச்சம் அகன்றது. எஞ்சிய உடலசைவுகள் புல்லாங்குழலின் துணையோடு உவகையாயின. வெருட்டப்பட்ட கூட்டத்தை நாம் நடனமென்று இரசித்தோம்.

உண்மையான மிகைவேகப் பதிவும் இக்குற்றத்திற்கு முற்றாக விலக்கானதன்று; அதுவும் விரைவை அகற்றவே செய்கின்றது. ஆனால் அது பறவையின் நேரத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றைத் தருகின்றது: இறகின் திருப்பம், விரலிடைச் சவ்வு நீரை அறையும் விதம், காற்றை வெட்டும் நுனி. மென்பொருள் எடுத்துக்கொள்கின்றது, தருவது எதுவுமில்லை, எடுத்ததையும் மறைக்கின்றது.

நமது தீபகற்பத்தைப் பொறுத்தவரை இது வெறும் இரசனைப் பிரச்சினையன்று. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இடையிற் சென்ற ஆண்டுகளுட் பல போரின் ஆண்டுகள். 2009 வரை அக்கரைகளிற் கமராவோடு அலைந்து திரியும் வாய்ப்பு எவர்க்கு இருந்தது? இன்று தொண்டைமானாற்றிலும் சரசாலையிலும் மண்டைதீவிலும் இளைஞர் எடுக்கும் காணொளிகள், அவர்கள் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், ஆவணங்கள். எந்தப் பறவை எவ்வளவு தொலைவில் வள்ளத்துக்கு வெருண்டெழுகின்றது, எழுவதற்கு எத்தனை அடி ஓடுகின்றது என்பவற்றை நாளை ஒருவர் இவற்றிலிருந்தே அளக்க நேரலாம். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் தீக்கிரையாகக் கொடுத்த நூலகத்தின் ஊர் இது. வெற்றிடம் என்பது என்னவென்று நமக்குத் தெரியும். அதனை எதைக்கொண்டும் நிரப்பிவிடலாம் என்று நாம் நினைப்பதில்லை.

செய்யக்கூடியது அரிதன்று. மென்பொருளால் மெதுவாக்கிய காட்சியின் ஓரத்திற் சிறு குறியொன்று இடலாம். அல்லது காட்சியை முதலில் அதன் இயல்பான வேகத்திற் காட்டிவிட்டுப் பின் மெதுவாக்கலாம். மூலப்பதிவை அழியாது பேணுதல் இரண்டிலும் முதன்மையானது. மிகைப்பாடல்களைத் தனியே அச்சிட்டதனாற் கம்பனுக்கு எக்குறையும் நேர்ந்துவிடவில்லை.

நான் கண்ட அக்காணொளியை ஆக்கியோர் நமது வயதினரே. பறவைகள்மீது பற்றுள்ளோர் என்பதிலும் ஐயமில்லை. அவர்களிடம் மூலப்பதிவு இன்னும் இருக்குமாயின் அதனை நமது சங்கத்தின் ஒன்றுகூடலொன்றில் இசையின்றி, அதன் சொந்த வேகத்திலேயே திரையிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றேன். எட்டு மடங்கு மெதுவாக்கியிருப்பார்களாயின், முழுக்காட்சியும் எட்டுச் செக்கனுக்குள் முடிந்துவிடும். புல்லாங்குழலின் அடியிற் கிடக்கும் வள்ளத்தின் இயந்திர ஒலியும் அப்போது கேட்கக்கூடும்.